போர்ட் லூயி ஏன் மாலை ஐந்து மணிக்கே அடங்கிவிடுகிறது?

சென்னையில் நகரமைப்புப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கொரோனா நகரங்களில் மனிதர்கள் கூடி வாழும் விதத்தையே மாற்றிவிடும் என்று எல்லோரும் எழுதினார்கள். மொரீஷியஸ் மாதிரி ஒரு சின்னத் தீவில், அதுவும் அங்கே இருக்கும் தமிழர்கள் நடுவில், உண்மையிலேயே ஏதாவது மாறியதா? இனிமேல் மாறுமா?”

நான் மொரீஷியஸில் ரோஸ் ஹில்காரன். முப்பது வருடத்துக்கு மேல் ஆரம்பப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். நகரமைப்பெல்லாம் படித்தவன் இல்லை. ஆனால் இந்தத் தீவின் பழைய காய்ச்சல் கதைகளைத் தேடிப் படிப்பதில் ஒரு பைத்தியம் உண்டு. அதனால் 2020-இல் தொடங்காமல் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

எங்கள் தலைநகரம் போர்ட் லூயிக்கு வந்தால் முதலில் ஒன்றைக் கவனிப்பீர்கள். பகலெல்லாம் கால் வைக்க இடமிருக்காது. வங்கி, கோர்ட், அமைச்சகங்கள், பெரிய மார்க்கெட், தள்ளுவண்டியில் டோல் பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) விற்பவர், துணிக்கடை வாசலில் கூவுகிறவர். மாலை நாலரைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பஸ் நிலையத்தை நோக்கி நடக்க ஆரம்பிப்பார்கள். ஐந்து, ஐந்தரைக்குக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். ஆறு மணிக்கு நடுவீதியில் நீங்களும் நாலு நாய்களும்தான். வெளியூர்க்காரர்கள் ஏதோ கலவரமா என்று கேட்பார்கள். கலவரமெல்லாம் இல்லை, எல்லோரும் “மேலே” போய்விட்டார்கள். மேலே என்றால் ப்ளேன் வில்லெம்ஸ் மேட்டு நிலம்: ரோஸ் ஹில், கத்ர் போர்ன், வாக்குவா, கியூர்பிப். ஏன் மேலே குடியிருக்கிறோம் என்றால் அதற்குக் காரணம் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு காய்ச்சல்.

1866-இல் தீவில் மலேரியா பரவியது. அதற்கு முன்னால் இங்கே அந்த நோய் வேர்விட்டதில்லை. கரும்புக்காகக் காட்டையெல்லாம் அழித்தாயிற்று, தண்ணீர் தேங்கும் இடங்கள் பெருகிவிட்டன, உலகத்தின் பல மூலைகளிலிருந்து கப்பல்கள் வந்துகொண்டேயிருந்தன. 1867-ஆம் ஆண்டில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றைக்குத் தீவின் மொத்த ஜனத்தொகையே நாலு லட்சத்துக்குள்தான். அதற்கு மருந்தான கொய்னாவுக்குத் தட்டுப்பாடு. போர்ட் லூயியின் கல்லறைகளில் இடம் தீர்ந்து, நகருக்கு வடக்கே புவா மார்ஷான் என்ற பெரிய இடுகாட்டை அந்த வருடம்தான் திறந்தார்கள். இன்றைக்கும் அது இருக்கிறது.

கொசுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ரொனால்ட் ராஸ் அதைக் கண்டுபிடித்தது 1897-இல், உங்கள் நாட்டுச் செகந்தராபாத்தில். பின்னால் 1907-இல் அவரே இங்கு வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போனார். 1860-களில் எல்லோரும் நம்பியது கெட்ட காற்றை. தாழ்வான ஊரின் புழுக்கக் காற்றுதான் நோய், மலைக்காற்று மருந்து. பணமிருந்தவர்கள் ஐநூறு மீட்டருக்கு மேலே இருக்கும் கியூர்பிப்புக்கு ஓடினார்கள். அந்த ஊரில் இரண்டே பருவம், மழைக்காலம், மழை அதிகமான காலம் என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தக் குளிரில் கொசு குறைவு. ஆக, காரணம் தப்பு, போன இடம் சரி.

இங்கேதான் நான் நகரமைப்பு படிக்கிற உங்களிடம் ஒன்று சொல்ல நினைக்கிறேன். காய்ச்சல் மட்டும் கியூர்பிப்பை உண்டாக்கவில்லை. 1864-இல் வடக்கு ரயில் பாதை, 1865-இல் போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில், கியூர்பிப் வழியாகத் தெற்கே மாஹேபூர் போகும் பாதை, இரண்டும் ஏற்கெனவே போட்டாகிவிட்டன. சர்க்கரை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வருவதற்காகப் போட்டது. காய்ச்சல் வந்தபோது அந்த ரயில் தயாராக நின்றுகொண்டிருந்தது. காலையில் கீழே இறங்கி ஆபீஸ், மாலையில் மேலே ஏறி வீடு என்ற வாழ்க்கை அந்தத் தண்டவாளத்தால்தான் சாத்தியமாயிற்று. 1889-இல் கியூர்பிப்பும் 1896-இல் எங்கள் ரோஸ் ஹில்லும் முறையாக நகரங்களாயின. ரயில் முப்பது வருடம் கழித்து வந்திருந்தால், ஓடினவர்களில் பாதிப் பேர் காய்ச்சல் அடங்கியதும் திரும்பி இறங்கியிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். கொள்ளைநோய் புதிதாக வழி போடுவதில்லை. ஏற்கெனவே போட்டிருக்கிற வழியில் ஜனங்களைத் தள்ளிவிடுகிறது.

எல்லோராலும் ஓட முடிந்ததா என்றால் இல்லை. மூட்டை தூக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள், துணி வெளுத்தவர்கள், தச்சர், கொத்தனார் எல்லோரும் கீழேயே இருந்தார்கள். அவர்களில் நம்மவர்கள் நிறைய. லாபூர்தொன்னே பிரெஞ்சு கவர்னராக இருந்த 1730-களிலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்து இந்த ஊரைக் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தமிழர்களை “மலபார்” என்பார்கள். நகரின் கிழக்குப் பகுதிக்கே மலபார் முகாம் என்றுதான் பெயர். வசதியுள்ளவர்கள் மேலே போனதும் அவர்களுடைய பெரிய வீடுகள் குஜராத்தி வணிகர்களுக்கும் சீனக் கடைக்காரர்களுக்கும் கைமாறின. மிச்சமிருந்த ஏழைகளுக்கு ஊர் என்று இருந்தது பக்கத்து வீடும் கோவிலும்தான். போர்ட் லூயியில் நாங்கள் “கைலாசன்” என்று கூப்பிடும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. அந்த வருடங்களின் சாவுகளையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த கோவில் அது.

நோய் வந்தால் யாரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது என்ற கேள்வியும் கூடவே வரும். 1856 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து கூலிகளோடு வந்த இரண்டு கப்பல்களை, காலரா பயத்தில், வடக்கே இருக்கும் இல் பிளாத், கப்ரியேல் என்ற சின்னத் தீவுகளில் இறக்கிவிட்டார்கள். கூரை இல்லை, சோறு போதவில்லை, நல்ல தண்ணீர் இல்லை. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். செய்தி தெரிந்து இந்திய அரசாங்கம் மொரீஷியசுக்கு ஆள் அனுப்புவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. இன்று சுற்றுலாப் படகுகள் அங்கே போகின்றன. வெள்ளை மணலில் கோழி வாட்டிச் சாப்பிடுகிறார்கள். நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

சரி, 2020-க்கு வருகிறேன். மார்ச் 18-ஆம் தேதி முதல் மூன்று நோயாளிகள். 20-ஆம் தேதி சுகாதார ஊரடங்கு. 24 முதல் 31 வரை கடை, பேக்கரி எல்லாமே பூட்டு. அந்த ஒரு வாரம் தீவு முழுக்க அடுப்பில் பருப்பு மட்டும்தான். ஏப்ரல் 2-ஆம் தேதி சூப்பர்மார்க்கெட்டுகளைத் திறந்தார்கள், ஆனால் குடும்பப்பெயரின் முதல் எழுத்துப்படி. ஏ முதல் எஃப் வரை திங்கள், வியாழன். ஜி முதல் என் வரை செவ்வாய், வெள்ளி. ஓ முதல் இசட் வரை புதன், சனி. ஞாயிறு எல்லோருக்கும் வீடு.

இதில் தமிழர்களுக்கு ஒரு தனி வேடிக்கை நடந்தது. நமக்கேது குடும்பப்பெயர்? கப்பலிலிருந்து இறங்கினவரின் ஒற்றைப் பெயரையோ அவர் அப்பா பெயரையோ ஒரு குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார், அதுவே வம்சத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால் அண்ணன் தம்பி வம்சங்களே வேறு வேறு குடும்பப்பெயரோடு இருக்கும். எங்கள் லாக்கூரில் மூன்று வீடு. லாக்கூர் என்றால் எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் முற்றம், ஆனால் நாங்கள் சொல்வது ஒரே வளாகத்தில் சொந்தக்காரர்கள் அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டு ஒரே கேட்டைப் பயன்படுத்தும் இடம். எங்களுடையதில் ஒரு வீடு ஆறுமுகம், ஒரு வீடு கோவிந்தன், ஒரு வீடு ராமசாமி. திங்கள் முதல் சனி வரை தினமும் யாராவது ஒருவர் வரிசையில் நிற்கலாம்! அரசாங்கம் தெரியாமலே எங்களுக்குக் கொடுத்த வரம். காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று வீட்டுக்கும் சேர்த்துச் சீட்டு எழுதுவோம். என் மச்சினி கணக்கு வைத்துக்கொண்டார். பத்து வருடமாக ஒரே கேட்டில் நுழைந்தும் சரியாகப் பேசிக்கொள்ளாத இரண்டு வீடுகள், அரிசி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தன.

நான் சொல்ல வந்தது இதுதான். லாக்கூர் உள்ளவர்கள் ஊரடங்கைத் தாங்கினார்கள். கொஞ்சம் வெயில், கொஞ்சம் முருங்கை, குழந்தைகள் ஓட இடம், பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் திண்ணை. அரசாங்கக் குடியிருப்புகளில் இரண்டு அறையில் ஏழு பேராக இருந்தவர்களுக்கு அது சிறை. புதிதாகக் கூறுபோட்டு விற்ற மனைகளில், நாங்கள் மோர்செல்மோன் என்போம், ஆளுயரச் சுவர் எழுப்பித் தனித்தனியாக வாழ்ந்தவர்களுக்கு அது வேறு மாதிரிச் சிறை. வைஃபை இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியவில்லை. இத்தனைக்கும் லாக்கூரை விற்றுவிட்டு மோர்செல்மோனுக்குப் போவதுதான் எங்கள் தலைமுறையில் முன்னேற்றத்தின் அடையாளமாக இருந்தது.

அடுத்து லாபுத்திக். தெருமுனைச் சீனக்கடை. என் சின்ன வயதில் அங்கே “கார்னே” உண்டு. ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் வாங்கியதை எழுதி, மாதக் கடைசியில் சம்பளம் வந்ததும் அடைப்பது. கரும்புத் தோட்டத்து வேலைக்காரக் குடும்பங்களெல்லாம் அந்தக் கார்னேயில்தான் வளர்ந்தன. சூப்பர்மார்க்கெட் வந்தபின் கார்னே செத்துக்கொண்டிருந்தது. 2020-இல் அது எழுந்து உட்கார்ந்தது. சுயதொழில் செய்பவர்களுக்கு அரசாங்கம் மாதம் 5,100 ரூபாய் கொடுத்தது. மேஸ்திரி, டாக்சிக்காரர், சந்தையில் துணி விற்கிறவர் குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு? சூப்பர்மார்க்கெட்டில் கடன் கிடைக்காது. லாபுத்திக்காரர் மட்டும்தான் முகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். எல்லாம் பூட்டியிருந்த அந்த ஒரு வாரத்தில் பின்வாசல் வழியாக என்ன நடந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

அது நிலைத்ததா? அரைகுறையாக. எங்கள் தெருமுனைக் கடை இப்போது காய்கறியும் வைக்கிறது, கியாஸ் சிலிண்டர் கொண்டுவந்து போடுகிறது. அதனால் தப்பித்தது. அடுத்த தெருவில் இருந்தது கிழவர் போனதும் மூடிவிட்டது. அவர் பிள்ளைகள் கனடாவில். ஒரு தொற்றுநோய் கடைக்கு ஐந்து வருடம் ஆயுளைக் கொடுக்கலாம், வாரிசைக் கொடுக்காது.

வீட்டிலிருந்து வேலை, ஆபீஸ் கட்டடங்கள் காலியாகும், நகர மையம் செத்துவிடும் என்று கொரோனா காலத்தில் எழுதினார்களே, அதை எங்கள் ஊரில் நான் அவ்வளவாக நம்பவில்லை. 2020-இலேயே வீட்டிலிருந்து வேலை செய்வதற்குச் சட்டவிதிகள் வந்தன. வெளிநாட்டுக்காரர்கள் இங்கே உட்கார்ந்து தங்கள் நாட்டு வேலையைச் செய்ய பிரீமியம் விசா என்று ஒன்றும் வந்தது. ஆனால் இன்று காலை ஏழரைக்கு ரோஸ் ஹில்லிலிருந்து கீழே காரில் போய்ப் பாருங்கள், பழைய நெரிசல் அப்படியே. நம் முதலாளிகளுக்கு ஆள் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தால்தான் சம்பளம் கொடுக்க மனசு வரும். மாறியது வேறு. போர்ட் லூயியை விட்டு, புது ஆபீஸ் பகுதிகளான எபேன், மோக்கா பக்கம் நகர்ந்துகொண்டிருந்த ஆபீஸ்கள் இன்னும் வேகமாக நகர்ந்தன. ஸ்மார்ட் சிட்டி என்ற திட்டம் 2015-லேயே வந்துவிட்டது. கரும்பு வயலில் ஆபீஸ், வீடு, பள்ளிக்கூடம், காபிக்கடை எல்லாம் ஒரே இடத்தில். பார்த்தீர்களா, மறுபடியும் அதே கதைதான். தண்டவாளம் முன்னமே போட்டாயிற்று.

நிஜத் தண்டவாளமும் உண்டு. பழைய ரயிலில் பயணிகள் போக்குவரத்து 1956-இல் நின்றுபோனது. அது போன தடத்தை ஒட்டியே இப்போதைய மெட்ரோவைப் போட்டார்கள். போர்ட் லூயிக்கும் ரோஸ் ஹில்லுக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது 2020 ஜனவரி. இரண்டு மாதத்தில் ஊரடங்கு. காலி வண்டி. 2022 அக்டோபரில் கியூர்பிப் வரை போய்ச் சேர்ந்தது. காய்ச்சலுக்குப் பயந்து ஜனங்கள் மேலே ஓடிய அதே பாதையில், இப்போது நான் என் பேத்தியோடு அரை மணி நேரத்துக்குள் கீழே இறங்கிவிடுகிறேன். ஆனால் மாலை ஆறு மணிக்கு அவளை அங்கே எங்கே கூட்டிப்போவது? துறைமுகக் கரையில் இருக்கும் கோதான் கடைவளாகத்தில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி ஏறவேண்டியதுதான்.

இனி, நீங்கள் கேட்டதில் எனக்கு மிக நெருக்கமான பகுதி. கூட்டம் கூடுவது.

2020 சித்திரை வருடப்பிறப்பு ஊரடங்குக்குள் வந்தது. வீட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு பாயசம். கோவில் பூசையை முகநூல் நேரலையில் பார்த்தோம். அடுத்த வருடம் 2021 மார்ச் 10-ஆம் தேதி இரண்டாவது ஊரடங்கு, மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள். கங்கா தலாவ் என்ற எங்கள் புனித ஏரிக்குக் காவடி மாதிரி பெரிய ஜோடனைகளைத் தூக்கிக்கொண்டு நடந்துபோகும் பருவம் அது. அப்போதுதான் இந்த நோய்க்கு நம் பஞ்சாங்கம் தெரிந்திருக்கிறது என்று என் மனைவி சொன்னாள்.

எல்லோரும் பயந்தது பெரிய விழாக்கள் அழிந்துவிடும் என்று. நடந்தது தலைகீழ். தைப்பூசக் காவடிக்கு இன்று கூட்டம் முன்னைவிடக் குறைந்ததாகத் தெரியவில்லை. பத்து நாள் விரதம், நாக்கில் அலகு, வாழையிலையில் ஏழு கறி, எல்லாம் உண்டு. அரசாங்க விடுமுறை நாள், டிவியில் காட்டுகிறார்கள், பிரான்சிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். செத்தது நடுத்தரக் கூட்டம். வெள்ளிக்கிழமைப் பூசை. கார்த்திகை விளக்கு. முப்பது நாற்பது பேர் வந்து, பஜனை பாடி, சுண்டல் வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று அரை மணி நேரம் ஊர்வம்பு பேசிவிட்டுப் போகிற கூட்டம். நேரலையில் பார்த்துப் பழகியவர்கள் திரும்பி வரவில்லை. சாமி திரையில் தெரிகிறார், உண்மைதான். வாசல் வம்பு திரையில் வராது. எந்த வீட்டில் வேலை போயிற்று, எந்தப் பையன் குடிக்க ஆரம்பித்துவிட்டான், எந்தக் கிழவிக்குக் கண் தெரியவில்லை என்பதெல்லாம் அந்த வாசலில்தான் தெரியவந்தது.

கல்யாணத்தையும் பாருங்கள். முன்னெல்லாம் லாக்கூரில் “லாசால் வேர்” போடுவோம். மூங்கில் நட்டு, மேலே தார்ப்பாய் விரித்து, ஓலையும் இலையும் கட்டி ஒரு தற்காலிகப் பந்தல். அதைப் போட அக்கம்பக்கத்து ஆண்கள் வருவார்கள். முந்தின ராத்திரி பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். பூசணியும் பச்சைப் பலாவும் மலைபோல் கிடக்கும். பாட்டும் கேலியும் விடிய விடிய. இந்துப் பெண்கள் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு முஸ்லிம் சாச்சி, கிரியோல் மாமி எல்லோரும் கத்தியோடு வருவார்கள். அது கொரோனாவுக்கு முன்னாலேயே மண்டபத்துக்கும் கேட்டரிங்குக்கும் மாறிக்கொண்டிருந்தது. ஊரடங்கில் பத்து இருபது பேரோடு கல்யாணம் முடித்தவர்கள், இதுவும் போதுமே என்று கண்டுபிடித்துவிட்டார்கள். செலவு மிச்சம், சண்டை மிச்சம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. என் சொந்தப் பெண்ணே அப்படித்தான் சொன்னாள்.

சாவில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. இங்கே ஒரு வீட்டில் யாராவது போனால் அன்று ராத்திரி “லாவேயே”. இரவு முழுக்க விழித்திருப்பது. தெரு முழுக்க நாற்காலி, கறுப்புக் காபி, பிஸ்கட், ஒரு மூலையில் டோமினோ ஆட்டம், இன்னொரு மூலையில் தேவாரம். எந்த மதத்துக்காரர் வீட்டுச் சாவானாலும் எல்லோரும் போவோம். 2020-இல் முதல் அலையில் தீவு முழுவதும் பத்தே மரணம். உலகமே எங்களைப் பாராட்டியது. எல்லையை மூடிக்கொண்டு உள்ளே ஏறக்குறைய சாதாரணமாக வாழ்ந்தோம். 2021 அக்டோபரில் எல்லை முழுசாகத் திறந்தது, வருடக் கடைசியில் டெல்டா வாரிக்கொண்டு போனது. என் பெரியம்மா அப்போது போனார். மூடிய பெட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அடக்கம். விரல்விட்டு எண்ணும் ஆட்கள். முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் ஒரு விளக்கு வைத்துவிட்டு நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரவர் கேட்டில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். கருமாதியை ஜூமில் பார்த்தோம், ஐயர் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

இன்று தடையெல்லாம் போய்விட்டது. ஆனாலும் லாவேயே ராத்திரி பத்து மணியோடு முடிகிறது. சில வீடுகளில் “குடும்பத்தார் மட்டும்” என்று சொல்லிவிடுகிறார்கள். துக்கம் விசாரிக்க வருகிறவருக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிய கை போதும் என்றாகிவிட்டது. ஒரு ராத்திரி முழுக்கச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது அதை வாங்கினவர்களுக்குத்தான் தெரியும். இதை நான் கிழவனின் புலம்பலாகச் சொல்லவில்லை. கொஞ்சம் புலம்பலும்தான்.

பெரியவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. 2005 முதல் இங்கே முதியவர்களுக்குப் பஸ் இலவசம். இதைவிட நல்ல சமூகத் திட்டம் எங்கள் நாட்டில் வந்ததில்லை என்பேன். அறுபது தாண்டியவர்கள் காலையில் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு பஸ் ஏறி, மார்க்கெட், கோவில், தங்கச்சி வீடு, முதியோர் சங்கம் என்று தீவையே வலம் வருவார்கள். காசு செலவில்லாத சுதந்திரம். ஊரடங்கு அதை வெட்டியது, பிறகு பயம் வெட்டியது. இரண்டு வருடம் வீட்டுக்குள் இருந்த முழங்கால் மறுபடி பஸ் படி ஏறுமா? என் அத்தை ஒருவர் வாரம் மூன்று நாள் வெளியே போனவர். இப்போது டிவி முன்னால். கொரோனா அவரைத் தொடவே இல்லை, ஆனாலும் அவருடைய ஊரை அது பிடுங்கிக்கொண்டது. எந்த மரணக் கணக்கிலும் இது வராது. நகரத்தை எப்படி மாற்றுவது என்று உங்களிடம் யாராவது கேட்டால், முதலில் பஸ் படியின் உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் இழப்பு என்று நினைக்கவேண்டாம். 2020 மே 30 வரை பூட்டிக் கிடந்த ஜனங்கள், ஜூலை 25-ஆம் தேதி வகாஷியோ என்ற ஜப்பான்காரர் கப்பல் தென்கிழக்குப் பவளப்பாறையில் மோதி, ஆகஸ்டில் எண்ணெய் கசிய ஆரம்பித்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? சுமார் ஆயிரம் டன் எண்ணெய். அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்தபோது மாஹேபூர் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். துணியை நீளமாகத் தைத்து உள்ளே கரும்புச் சோகையை அடைத்துக் கடலில் மிதக்கவிட்டு எண்ணெயைத் தடுத்தார்கள். தீவு முழுக்க சலூன்களில் முடி வெட்டி அனுப்பினார்கள், முடி எண்ணெயை உறிஞ்சுமாம். எங்கள் கோவிலிலிருந்து இரண்டு வண்டிச் சாப்பாடு போனது. ஆகஸ்ட் 29-ஆம் தேதி போர்ட் லூயி வீதிகளில் பல்லாயிரம் பேர் ஊர்வலம். அன்றைக்குச் சனிக்கிழமை, சாதாரணமாக மத்தியானத்தோடு தூங்கிவிடும் ஊர்! பத்து வாரம் அடைந்து கிடந்தது ஜனங்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்குப் பசியை உண்டாக்கியிருந்தது என்று நினைக்கிறேன். அரிசிச் சீட்டுக்காகத் தெருத்தெருவாக ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுக்கள் அப்போது சோகைக்கும் துணிக்கும் பயன்பட்டன. எங்கள் தெருக் குழு இன்னும் இருக்கிறது. 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயியை வெள்ளக்காடாக்கியபோது, அங்கே மாட்டிக்கொண்ட எதிர்வீட்டுப் பையன் பத்திரமாக இருக்கிறான் என்ற செய்தி அதில்தான் வந்தது. மற்ற நாளெல்லாம் அதில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: மாறும், ஆனால் எல்லோரும் கைகாட்டுகிற இடத்தில் அல்ல. ஆபீஸ், மால், ரயில் எல்லாம் தம் பழைய பாதையில் கொஞ்சம் வேகமாக ஓடும். பெரிய விழாக்கள் நிலைத்து நிற்கும். நாற்பது பேர் கூடுகிற இடங்கள்தான் சத்தமில்லாமல் போகும், அதை யாரும் ஆய்வுக்கட்டுரையாக எழுதமாட்டார்கள்.

நீங்கள் எழுதுவதாக இருந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன். எங்கள் கோவில் பின்பக்கம் ஒரு சாமான் அறை உண்டு. பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய அண்டாக்கள், கரண்டிகள், ஒரு சுருட்டிய தார்ப்பாய். ஊரில் கல்யாணமோ சாவோ என்றால் இரவல் கொண்டுபோவார்கள், மதம் பார்ப்பதில்லை. யார், என்ன தேதி, எத்தனை நாற்காலி, எத்தனை அண்டா, திரும்பி வந்ததா என்று ஒரு நீல நோட்டில் எழுதிவைப்போம். பல வருடத்து நோட்டுகள் அடுக்கி இருக்கின்றன. 2020 மார்ச்சுக்கு முந்தையதில் பக்கத்துக்குப் பக்கம் மூன்று நான்கு பேர் கையெழுத்து, நூறு நாற்காலி, நூற்றைம்பது நாற்காலி. பிறகு பக்கங்கள் காலி. இப்போதைய நோட்டில் மறுபடி பெயர்கள் வர ஆரம்பித்திருக்கின்றன, இருபது நாற்காலி, முப்பது நாற்காலி என்று. அண்டா என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரு கோடுதான். போன மாதம் ஒருவர் வந்து பெரிய அண்டா இரண்டும் வேண்டும் என்றார். பூட்டைத் திறந்து எடுத்தால் உள்ளே பல்லி முட்டை. கழுவிக் கொடுத்தோம்.